பூஜைக்கு வைத்த மெஷின்

"தீப்பெட்டியால வச்சேன்" என்றான் தங்கபாண்டி.

"எந்தக் கையால சேட்டா?" என்று கேட்டாள் ஷிஜா.

திருவனந்தபுரம் பூஜப்புரை ஜெயிலில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றவன் தன் கைகளைக் குனிந்து பார்த்தான். இரண்டிலும் முழங்கை வரை கட்டு.

தீ வைக்கப் போகிறவன் தன் விரலைச் சுட்டுக்கொள்ளலாம். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோக வேண்டுமானால், அவன் எரிகிற தீக்குள் எதையோ எடுக்கக் கையை விட்டிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு மூளையைச் செலவு செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. 'நான்தான் வைத்தேன்' என்று குற்றவாளியே வந்து நின்றுவிட்டால் பாவம், அவரும் என்னதான் செய்வார்!

துப்பறிவாளர் அனந்தபத்மநாபன் குடையைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார். தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து, மேலதிகாரியுடன் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். இப்போது சாலை பஜாரில் ஒரு சாக்குக் கடைக்கு மேலே போர்டு மாட்டியிருக்கிறார். அந்தப் போர்டை அவரையும், அவருடைய உதவியாளர் ஷிஜாவையும் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படித்துவிட்டு மாடியேறி வந்த ஒரே ஆள், தங்கபாண்டியின் மனைவி பேச்சி.

"எங்க வச்சே?" என்றார் அனந்தபத்மநாபன்.

"மரத்தூள் குமிச்சிருக்கும்லா, அதுல."

"பொய். நான் போய்ப் பாத்தாச்சு. தூள் குவியல் மேலாகத்தான் கருகியிருக்கு. பூஜை மேஜைதான் அடியோட எரிஞ்சிருக்கு. அங்கேர்ந்துதான் தீ கிளம்பியிருக்கு."

தங்கபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கேஸ் இதுதான். 2007, விஜயதசமி காலை. கைமனம் ஊரைத் தாண்டி ஒரு வாள்பட்டறை. இடித்த பழைய வீடுகளின் தேக்கு மரத்தையும் ஈட்டி மரத்தையும் வாங்கி அறுத்து விற்கிற இடம். அந்த மரங்களுக்குள் எந்தக் காலத்து ஆணியோ ஒளிந்திருக்கும். அதில் வாள் பட்டால் பல் தெறிக்கும். எனவே ஒவ்வொரு மரத்தின் மேலும் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷினை ஓட்டிப் பார்த்து, ஆணி இருக்கும் இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட வேண்டும். அதுதான் தங்கபாண்டியின் வேலை. அன்று பட்டறையின் ஷெட் எரிந்தது. உள்ளே தூங்கிய வாட்ச்மேன் வன்னியராஜ் புகையில் செத்துப்போனான். அவன் பேச்சியின் கூடப்பிறந்த அண்ணன்.

பூஜை வைத்த சாயங்காலம் மச்சானும் மச்சானும் சண்டை போட்டிருக்கிறார்கள். மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்து வன்னியராஜ் பீடி பற்ற வைத்ததைப் பார்த்துவிட்டு, "நீ ஒருநாள் இதுக்குள்ளயே எரிஞ்சு சாவப் போறலே!" என்று தங்கபாண்டி கத்தியதைப் பட்டறையே கேட்டது. சொன்னபடி செத்தும் போனான். சொன்னவன் ஒப்புக்கொண்டும் விட்டான். நாளைக் காலை மாஜிஸ்திரேட் முன்னால் இதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டால், தங்கபாண்டி வெளியே வரும்போது தலை முழுக்க நரைத்திருக்கும். வந்தால்!

"ஒரு உபகாரம் செய்யணும் சார்" என்றான் தங்கபாண்டி, காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது. "பேச்சியை வேளாவேளைக்குச் சோறு திங்கச் சொல்லுங்க. பொறவு... மிஷினைப் பத்தி அவகிட்ட ஒண்ணும் கேட்டுராதீங்க."

"எந்த மிஷின்?"

அவன் சட்டென்று உதட்டைக் கடித்தான். கேட்கக் கூடாது என்று நினைத்த வார்த்தையை அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். திரும்பி உள்ளே போனான்.

வெளியே வந்ததும் ஷிஜா சொன்னாள்: "சார், தீப்பெட்டி கேஸுல மிஷின் எங்கேர்ந்து வந்து?"

"அதைத்தான் கேக்கப் போறோம். ஸ்கூட்டரை எடு."

"எடுக்கலாம். அது வரணுமே! இதையும் பூஜைக்கு வச்சு அப்படியே அங்கேயே விட்டிருக்கணும் சார். அம்பாள் பாத்துப்பா."

* * *

சாலை பஜாரில், பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் பிரவின்ராஜின் ரிப்பேர் கடை. தங்கபாண்டியின் ஆணி மெஷினைப் பழுது பார்க்கிறவன் அவன்தான் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். கூரையிலிருந்து குட்டி விமானங்கள் தொங்கின. ரிமோட்டில் பறக்கிறவை. ரேடியோ ரிப்பேர் செய்து சம்பாதிப்பதை எல்லாம் சங்குமுகம் கடற்கரையில் பறக்கவிட்டுத் தொலைக்கிற பையன் அவன்.

"ஆமா சார், தங்கபாண்டி அண்ணனுக்கு பேட்டரி மாத்திக் குடுத்தது நாந்தான்" என்றான். "லித்தியம் பாலிமர். விமானத்துக்குன்னு என் மச்சான் துபாய்லேந்து கொண்டாந்தது. பழசுல எட்டு பென்சில் பேட்டரி கெடந்து கனக்கும். அத நாள் முழுக்கத் தூக்கி அண்ணனுக்குத் தோளு எறங்கிப் போச்சு. இது பாருங்க."

சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளிநிறப் பொட்டலத்தை ஷிஜாவின் கையில் வைத்தான். கனமே இல்லை.

"கொள்ளாமே, நல்லாத்தானே இருக்கு! இதுல என்ன கேடு?"

அவன் மூலையிலிருந்து ஒரு மணல் வாளியை இழுத்தான். மணலுக்குள் அதே மாதிரி இன்னொன்று, பூரி போல உப்பிக் கிடந்தது.

"இதான் கேடு சேச்சி. பென்சில் பேட்டரி காலியானா உறங்கிரும். சார்ஜ் போட்டா எழும்பிரும். இது அப்படி இல்ல. ஒரு அளவுக்குக் கீழ வடியவிட்டா உள்ளுக்குள்ள கெட்டுப் போவும். வெளிய ஒண்ணும் தெரியாது. அதுக்குப் பொறவு சார்ஜ் போட்டா உப்பும், பொட்டும், தீயாக் கக்கும். விமானத்துல தீரப் போவும்போது மோட்டார் தானா நின்னுரும். அண்ணனோட ஆணி டிடெக்டருக்கு அந்த புத்தி கெடையாது. கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சும்."

"நம்ம சார் காப்பி குடிக்கிற மாதிரி அல்லே?"

"ஷிஜா, சித்த சும்மா இரு." அனந்தபத்மநாபன் பிரவின்ராஜ் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் தங்கபாண்டிகிட்ட சொன்னியா?"

"சொல்லாம குடுப்பனா சார்! வேலை முடிஞ்சா மிஷின்லேந்து கழட்டி மண்ணுச் சட்டிக்குள்ள வச்சிரணும், என் சார்ஜர்ல தவிர வேற எதுலயும் போடக் கூடாது, போட்டா பக்கத்துலயே காவல் இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அண்ணன் என்னை விட ஒழுங்கு. ஒரு நாளும் தவறினதில்ல. மில்லுல எல்லாரும், என்ன தங்கபாண்டி, பிள்ளைய உறங்க வச்சாச்சான்னு கேலி பண்ணுவாங்க."

அனந்தபத்மநாபன் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். எரிந்த பூஜை மேஜை. அதன் மேல் கருகின மெஷின். பழைய சிநேகத்தில் இன்ஷூரன்ஸ்காரர்கள் கொடுத்தது.

"இந்த ஸ்விட்ச் திருகு எந்தப் பக்கம் இருக்கு, பார்."

பிரவின்ராஜ் ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "ஆன்ல இருக்கு சார்."

"பூஜைக்கு வச்ச மெஷின் அது. அஷ்டமி சாயங்காலம் வச்சா, விஜயதசமி காலமே பூஜை எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் ஆயுதத்தைத் தொடமாட்டா. அது அத்தனை நேரமும் ஆன்லேயே இருந்திருக்கு. சரி, மேஜைக்குக் கீழே கறுப்பா உருகிக் கிடக்கே, அது என்ன? நீ குடுத்த சார்ஜரா?"

"இருக்காது சார். என் சார்ஜர் ஓடலன்னு பூஜைக்கு முன்னாலயே அண்ணன் இங்க கொண்டாந்து போட்டுட்டாரு." தன் மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு சின்ன நீலப் பெட்டியை எடுத்து வைத்தான். "இன்னா இருக்கு. போட்டோல உருகிக் கெடக்குறது மிஷினோட கூடவே வந்த பழைய சார்ஜர். பக்கத்துல ஒரு ஓட்டை உண்டு, அதுல சொருகுறது. ஐயோ! அத அப்பமே தூரப் போடச் சொன்னேனே."

"நம்ம ஆளுங்க எதைத் தூரப் போட்டிருக்காங்க!" என்றாள் ஷிஜா. "எங்க வீட்டுல எங்க அம்மா கல்யாணத்துக்குக் கட்டின சணல் கயிறு இருக்கு."

அனந்தபத்மநாபன் சிரிக்கவில்லை. அவருடைய கண் பளபளத்தது. அப்படிப் பளபளத்தால் ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

"தங்கபாண்டிக்கு எந்த சார்ஜர் ஆகாதுன்னு தெரியும். ஆகிற சார்ஜர் ரிப்பேருக்கு இங்கே கிடக்கு. ஆக, அன்னிக்குக் காலமே சொருகினது தங்கபாண்டி இல்லே. விஷயம் தெரியாத வேற யாரோ!"

* * *

பட்டறைக்குப் போகிற வழியில், கிள்ளிப்பாலத்தில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் ஒரு சாயாக்கடை இருந்தது ஸ்கூட்டரின் பெருந்தன்மை.

"வன்னியராஜ்தான்" என்றார் அனந்தபத்மநாபன், காப்பியை ஆற்றியபடி. "ராத்திரி அங்கே படுத்துக்கறது அவன் ஒருத்தன். விளையாட்டா பேட்டரியை மாட்டித் திருகி விட்டிருக்கான். அது வடிஞ்சு போச்சு. காலமே மச்சான் வந்து திட்டுவானேன்னு கையில கிடைச்ச சார்ஜரைச் சொருகிட்டு மறுபடி தூங்கிட்டான். தானே வச்ச தீயிலே தானே போயிட்டான். செத்தவன் மேலே கேஸ் கிடையாது ஷிஜா. தங்கபாண்டி வெளியே வந்துடுவான்!"

"அப்ப ஜெயில்ல கிடந்து நான்தான் நான்தான்னு அந்த சேட்டன் ஏன் சொல்றார்?"

"சண்டை போட்ட மச்சான் செத்துட்டானேங்கற குற்ற உணர்ச்சி. அண்ணாவே தன் தலையிலே தீ வச்சிண்டான்னு பேச்சிக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரு நல்ல எண்ணம். அதுக்குத்தான் மெஷினைப் பத்திக் கேக்காதேன்னான்."

ஷிஜா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒண்ணு மட்டும் இடிக்குது சார். பூஜைக்கு வச்ச சாமானை வன்னியராஜ் தொடுவானா? எங்க தெருவுல பெரிய குடிகாரன்கூட அந்த ரெண்டு நாளும் வெட்டுக்கத்திய நோக்க மாட்டான்."

"மரத்தூளுக்கு நடுவுல பீடி பிடிக்கறவனுக்கு என்னடி ஆசாரம்?"

அத்துடன் அந்தச் சந்தேகம் முடிந்தது. அனந்தபத்மநாபனுக்குத் தன் கண்டுபிடிப்பில் ஒரு ஓட்டை இருப்பதாகச் சொன்னால் பிடிக்காது. இந்த ஒரு குணத்துக்காகவே கம்பெனியில் அவரை அனுப்பினார்கள் என்று ஷிஜா பலமுறை சொல்லியிருக்கிறாள், அவர் இல்லாதபோது.

* * *

பேச்சி எரிந்த ஷெட்டின் நடுவே இருந்தாள். ஒரு காந்தக் கட்டையைக் கயிற்றில் கட்டிச் சாம்பலில் இழுத்துக்கொண்டு போனாள். ஆணியும் தாழ்ப்பாளும் ஒட்டிக்கொண்டு வரும். பிடுங்கித் தகரப் பெட்டியில் போட வேண்டும். முதலாளி கொடுத்த வேலை. அண்ணன் செத்த இடத்தில், புருஷன் பார்த்த வேலையை அவள் கையால் செய்துகொண்டிருந்தாள்.

அவர்களைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "அவரப் பாத்தீங்களாய்யா? தின்னாரா? கை எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கார். உங்களைத்தான் சாப்பிடச் சொன்னார்" என்றார் அனந்தபத்மநாபன். தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த நிமிஷம்தான் அவருக்கு உயிர். "பேச்சியம்மா, உங்க ஆத்துக்காரர் தீ வைக்கல்லே."

"அதத்தானய்யா நானும் சொல்லுதேன்!"

"அவர்னு இல்லே, யாருமே வைக்கல்லே. அந்த மெஷின்லே இருந்த பேட்டரி எரிஞ்சது. அது சாதாரண பேட்டரி இல்லேம்மா. வேலை இல்லாதப்போ கழட்டி வைக்கணும். ஆன்லேயே விட்டா வடிஞ்சு கெட்டுப் போகும். கெட்டதைப் பழைய சார்ஜர்லே சொருகினா வெடிச்சு எரியும். பூஜையிலே ரெண்டு நாள் அது ஆன்லேயே இருந்தது. விஜயதசமி காலமே ஒருத்தர் பழைய சார்ஜரைச் சொருகியிருக்கார். அவ்வளவுதான். மனசைத் தேத்திக்கோங்கோ. அது உங்க அண்ணா வன்னியராஜ்."

பேச்சி உடனே தலையை ஆட்டினாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"எங்கண்ணன் இல்லய்யா. செத்தவன் மேல பழி போடாதீங்க. பூஜைச் சாமான அவன் தொடவே மாட்டான். பூஜை வச்ச பொறவு பீடி குடிக்கக்கூட ரோட்டுக்குத்தான் போனான். அது நாந்தான்."

ஷிஜா அனந்தபத்மநாபனின் சட்டைக் கையைப் பிடித்தாள். அவர் கவனிக்கவில்லை.

"நீங்களா?"

"நாந்தான்யா பூஜைக்கு அலங்காரம் பண்ணினேன். அவரு மிஷின வெறுமனே வச்சிட்டு, அண்ணன்கிட்ட சண்டையப் போட்டுட்டு கோவத்துல போயிட்டாரு. பேட்டரி கீழ மண்ணுச் சட்டியில கெடந்து. உசிரு இல்லாம எப்படிய்யா சாமி முன்னால வைக்கது? தினமும் அவரு மாட்டுததப் பாத்திருக்கேன். மாட்டிச் சந்தனம் வச்சுத் திருகினேன். பச்சை லைட்டு எரிஞ்சுது. சரஸ்வதி முன்னால சின்ன விளக்கு மாதிரி அழகா இருந்துச்சு. பூஜை வச்ச விளக்க அணைக்கலாமா? அப்படியே விட்டுட்டேன்."

அவள் நிறுத்தினாள். தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல ஒரு நொடி நின்றாள். ஆனால் நாக்கு நிற்கவில்லை. சொல்ல ஆரம்பித்ததைச் சொல்லி முடித்தது.

"பூஜை எடுக்க அன்னைக்கி வெள்ளன பூ கொண்டுக்கிட்டு வந்தேன். லைட்டு அணைஞ்சு கெடந்து. எனக்கு மனசே கேக்கல. விளக்கு அணைஞ்சா நல்லதா? பழைய சார்ஜர் வயரு மிஷின் பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஓட்டையில சொருகினேன். திரும்பவும் எரிஞ்சுது. அண்ணன் நல்ல உறக்கம். பாவம்னு எழுப்பாம... கதவச் சாத்திட்டுப் போனேன்."

ஷெட்டுக்கு வெளியே ரோட்டில் ஒரு பஸ் போனது.

"அவரு சாயாக்கடையில நின்னாரு" என்றாள் பேச்சி மெதுவாக. "லைட்டு அணைஞ்சு போச்சு, நான் சொருகி எரிய வச்சிட்டேன்னு சொன்னேன். கிளாஸ அப்படியே போட்டுட்டு ஓடினாரு. சாமி விளக்கு எரியுதேன்னு சந்தோசத்துல ஓடுதாருன்னு நெனச்சேன்யா."

அனந்தபத்மநாபன் குடையை ஊன்றிக்கொண்டார். தங்கபாண்டியின் இரண்டு கையும் எரிகிற மெஷினைப் பிடுங்கப் போய் வெந்தவை. தங்கபாண்டி சொன்னது இப்போதுதான் அவருக்குச் சரியாகக் கேட்டது. மிஷினைப் பத்தி அவகிட்ட ஒண்ணும் கேட்டுராதீங்க. அண்ணனுடைய பெயர் கெடக் கூடாது என்பதற்காக இல்லை. தன் அண்ணனைத் தானே கொன்றோம் என்று இவளுக்குத் தெரியாமல் இருப்பதற்காக ஒருவன் ஆயுள் முழுக்க ஜெயிலில் இருக்கத் தயாராக இருந்தான். அதைக் கெடுக்க ஒரு துப்பறிவாளர் தேவைப்பட்டார்.

"அக்கா" என்றாள் ஷிஜா. அவள் குரலில் கேலி போன இடம் தெரியவில்லை. "இத நீங்க ஆர்கிட்டயும் சொல்லண்டாம். சார் முதல்ல சொன்ன மாதிரியே இருக்கட்டும். வன்னியராஜ் அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரு."

பேச்சி அவளைப் பார்க்கவே இல்லை. "நான் அந்த லைட்ட அணைச்சிருந்தா போதுமாய்யா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அனந்தபத்மநாபனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட அகப்படவில்லை.

"போதும்" என்றார்.

அவள் எரிந்த மேஜை இருந்த இடத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று ஷிஜா பயந்தாள். அவள் அழவில்லை. முந்தானையால் கையிலிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கி நான் கோர்ட்டுல வந்து சொல்லிருதேன். அவர விட்டுருவாங்கல்லா?"

"விடமாட்டாம்மா." அவர் இப்போது மறைக்க விரும்பவில்லை. "அவர் பிடிவாதமா தீப்பெட்டிங்கறார். நீங்க சார்ஜர்ங்கறேள். புருஷனைக் காப்பாத்தப் பொண்டாட்டி கட்டின கதைன்னு ஒரே வரியிலே தள்ளிடுவா. கடைக்காரப் பையன் வந்து சாட்சி சொன்னாலும், தீப்பெட்டி கேஸுக்குச் சார்ஜர் எதுக்கும்பா. கருகின மெஷினைக் காட்டினா, தீயிலே அதுவும்தான் எரிஞ்சதும்பா."

"அப்ப எதுக்குய்யா இத என்கிட்ட வந்து சொன்னீங்க?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற ஷிஜா தரையைப் பார்த்தாள். முப்பது தீயைப் பார்த்த அனந்தபத்மநாபன், இந்தக் கேள்வியை எந்தத் தீயிலும் பார்த்ததில்லை.

பேச்சி குனிந்து கயிற்றை எடுத்தாள். காந்தம் சாம்பலில் இழுபட்டு வந்தது. ஒட்டியிருந்த ஆணிகளைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டாள். ஒன்று விரலில் குத்தி ரத்தம் வந்தது, துடைக்கவில்லை.

"ஆனாலும் நான் வாரேன்" என்றாள் நிமிராமல். "ஊரு நம்பாட்டி போவுது. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவரு காதுல விழணும்லா. எனக்கே தெரிஞ்சு போச்சுன்னா, பொறவு யாருக்காவ உள்ள கெடப்பாரு?" பெட்டியின் மூடியை அடைத்தாள். "எத்தன மணிக்குய்யா கோர்ட்டு?"

"பத்தரைக்கு" என்றார் அனந்தபத்மநாபன்.